கமலாசனி கேட்காமல் விட்டவை

கண்டித் தொலைபேசி நிலையத்தில் கமலாசனி அழைப்புகளை இணைக்கும் வேலைக்குச் சேர்ந்தது 1980இல், பத்தொன்பது வயதில். முதல் நாள் மேற்பார்வையாளர் மெனிக்கே அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பக்கத்து ஆள் "ஹலோ" சொல்லவேண்டும், அந்தப் பக்கத்து ஆளும் "ஹலோ" சொல்லவேண்டும். இரண்டும் காதில் விழுந்ததும் இணைப்பிலிருந்து விலகிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் கேட்டாலும் அது களவு என்றார் மெனிக்கே. மற்ற வேலையெல்லாம் போகப்போகப் பழகிவிடும், இது மட்டும் பழகாது, ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யவேண்டும் என்றும் சொன்னார்.

கமலாசனி ஒவ்வொரு நாளும் செய்தாள். கண்டியில் யார் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தக் கடை நொடிக்கப்போகிறது, எந்த டாக்டர் லண்டனுக்குப் போகப்போகிறார் என்பதெல்லாம் அவள் கைவழியாகத்தான் போயின. அறிந்தவர், அயலவர் எல்லோரும் அவளைப் பிடித்து வைத்து விசாரிப்பார்கள். அவள் சிரித்தபடி ஒரே பதிலைச் சொல்லுவாள்: "எனக்குக் கேட்கேல்லை."

அவளுக்குக் கலியாணமானதும் அந்தப் பதிலால்தான். திருச்செல்வம் இளந்தாரியாக இருந்தபோது அந்த நிலையத்தினூடாகத்தான் பதுளையில் ஒரு பெண்ணுக்கு வாரம் தவறாமல் ட்ரங்க் கோல் எடுத்தவர். அந்தக் கதை பாதியில் முடிந்துபோனது. பிறகு கமலாசனியைப் பேசி வந்தபோது அவருடைய தாயார் நைசாக, "என்ர பெடியனைப் பற்றி உங்கட காதில ஏதும் விழுந்திருக்கும்" என்று நோட்டம் பார்த்தார். "எனக்குக் கேட்கேல்லை" என்றாள் கமலாசனி. வாசலில் நின்ற திருச்செல்வம் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். இருபது வருடங்களுக்குப் பிறகும் பேராதனை வீதி மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து தேநீர் குடிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழரைத் தாக்கிய கலவரத்தின்போது, மெனிக்கே அவளை மூன்று நாட்கள் வீட்டுக்குப் போகவிடவில்லை. தன் கதிரைக்குப் பக்கத்தில் இருத்தி, யார் கேட்டாலும் "கமலா, என் தங்கச்சி" என்று சிங்களத்தில் சொல்லி வைத்துக்கொண்டார். வெளியே கடைகள் எரிந்தன. உள்ளே இணைப்புப் பலகையில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள், கண்டியில் இருக்கிற பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தேடி அழைத்துக்கொண்டிருந்தார்கள். கமலாசனி இணைத்தாள், இரண்டு ஹலோக்களும் கேட்டதும் விலகினாள். அந்த மூன்று நாட்களில் ஒரு ஹலோவிலேயே முழு மனிதனும் வந்துவிடுகிறான் என்பது அவளுக்குப் பிடிபட்டது. குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடலாம் என்று அதன்பிறகு அவள் உறுதியாக நம்பினாள்.

அதனால்தான் கணினி வீட்டுக்கு வந்தபோது அவள் அதை நம்பவில்லை. அதில் குரலே இல்லை.

அது 2006. பழைய இணைப்புப் பலகைகளைக் கழற்றிக்கொண்டுபோய் நாளாகிவிட்டது. கமலாசனி விசாரணைப் பிரிவில் இருந்து, கேட்பவர்களுக்கு எண் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வடக்கிலே போர் மறுபடி மூண்டிருந்தது. கண்டியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். தமிழர் வீடென்றால் குடியிருப்போர் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. யாரோ தெரியாத ஆளோடு தொலைபேசியில் கதைத்தான் என்பதற்காக உள்ளே போனவர்களின் கதைகள் ஊரில் உலாவின. இந்தக் காலத்தில்தான் மகள் ஆரணி, பதினான்கு வயது, வீட்டுத் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகி, உலகத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவர்களோடு சதுரங்கம் ஆட ஆசைப்பட்டாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆரணியின் ஒரே சிநேகிதி அந்த வருடம்தான் குடும்பத்தோடு கனடாவுக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து, சதுரங்கப் பலகையைத் தனக்கு முன்னால் விரித்து, இந்தப் பக்கம் ஒருமுறை, எழும்பிப்போய் அந்தப் பக்கம் ஒருமுறை என்று பிள்ளை தன்னோடு தானே ஆடுவதைக் கமலாசனி சமையலை விட்டுவந்து குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த தாய்க்கு வேண்டாம் என்று வாய் வராது.

ஆகவே சட்டங்கள் போட்டாள். கணினி கூடத்தில்தான் இருக்கும், அதன் முகம் குசினியைப் பார்த்திருக்கும். உன் பெயர் உன் பெயரல்ல. உன் ஊர் கட்டுக்கலையல்ல, கண்டியுமல்ல, கேட்டால் கொழும்பு என்று சொல். படம் அனுப்பக்கூடாது. தொலைபேசி எண் ஒருவருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக்கூடாது. இடி முழங்கத் தொடங்கினால் ராஜா வெட்டுப்படுகிற நேரமானாலும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

"கடைசிச் சட்டம் யாருக்காக?" என்று கேட்டார் திருச்செல்வம்.

"கொம்பியூட்டருக்காக" என்றாள் கமலாசனி. கண்டியில் ஒக்டோபர் மாத இடிக்குத் தப்பிய தொலைபேசிகள் எத்தனை, தப்பாதவை எத்தனை என்று அவளைவிட அறிந்தவர்கள் இல்லை.

ஆரணி 'நீலக்குடை' ஆனாள். சில வாரங்களில் அவளுக்கு 'மஞ்சள் பூனை' என்றொரு எதிராளி வாய்த்தது. பலகைக்குக் கீழே எழுதிக் கதைக்க ஒரு பெட்டி இருந்தது. இருவரும் அதில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். மஞ்சள் பூனை ஒரு பெண், தன்னுடைய வயதுதான், ஊர் மாத்தறை என்று ஆரணி சொன்னாள். பின்னேரம் நான்கு மணியானால் கூடத்திலிருந்து ஆரணியின் சிரிப்புக் கேட்கும். சோறு வடிக்கும் கமலாசனிக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வரும். ஒன்றரை வருடம் இப்படியே நல்லபடியாகப் போனது.

2007 ஒக்டோபரில் ஒரு பின்னேரம் ஹந்தானை மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்ததும் கமலாசனி கம்பியைக் கழற்ற ஓடிவந்தாள். திரையில் மஞ்சள் பூனையின் கடைசி வரி அப்படியே நின்றது: "இங்கே பயங்கர இடி. கம்பியைக் கழற்றப் போகிறேன்."

மாத்தறையிலும் இடியாக்கும் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அதே நேரம் இடித்தது, மஞ்சள் பூனையும் அதே வரியை எழுதிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் வேலைத்தலத்தில் இருந்தபடி மாத்தறை நிலையத்தில் வேலைசெய்யும் பழைய சிநேகிதி சோமலதாவைக் கூப்பிட்டாள். அங்கே மழையா என்று கேட்டாள். ஒரு கிழமையாக ஒரு சொட்டும் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றாள் சோமலதா.

கமலாசனி ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஹந்தானையில் இடித்தால் அதே நொடியில் கம்பியைக் கழற்றுகிற ஆள் மாத்தறையில் இல்லை. அந்த ஆள் இங்கேதான், அதே முகிலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஊரைப் பொய் சொன்ன ஆள் வயதையும் பொய் சொல்லியிருக்கும். பெண் என்றதும் பொய்யாயிருக்கும். பொலிஸாகவும் இருக்கலாம், போக்கிரியாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

"வயரை வெட்டிவிடுவம்" என்றார் திருச்செல்வம். மருந்துக்கடைக்காரருக்கு எல்லா நோய்க்கும் மருந்து கையில் இருக்கும்.

"வெட்டினால் பிள்ளை திரும்பவும் தன்னோட தானே விளையாடும்" என்றாள் கமலாசனி. "ஆளை அறிஞ்சிட்டு வெட்டுவம். அவளுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம்."

சனிக்கிழமை ஆரணி கணித வகுப்புக்குப் போன பிறகு, இருபத்தேழு வருடமாக ஒருவருடைய கதையையும் ஒட்டுக்கேட்காத கமலாசனி, மகளின் பெயரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெனிக்கே பின்னால் நிற்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே திருச்செல்வம்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மஞ்சள் பூனை வந்தது. ஆட்டம் தொடங்கியது. கமலாசனிக்குச் சதுரங்கத்தில் தெரிந்தது குதிரை மட்டும்தான். ஆரணி சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவோடு நின்றிருந்தது. ஆகவே குதிரையை வெளியே எடுத்தாள். அடுத்த முறை அதைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள். மறுபடி வெளியே எடுத்தாள். மஞ்சள் பூனை காலாட்களை ஒவ்வொன்றாக, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, ஒரு கட்டம் ஒரு கட்டமாக நகர்த்தி நேர் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. கமலாசனிக்கு அது பெரிய தந்திரமாகப் பட்டது.

"நல்ல மத்தியானம். நலமாக இருக்கிறாயா?" என்று எழுதினாள்.

"நலம், நன்றி. நீயும் நலம்தானே?" என்று வந்தது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?"

"சோறு."

"என்ன கறி?"

"மீன்."

"என்ன மீன்?"

பதிலுக்கு ஒரு காலாள் நகர்ந்தது, அதன்பின் ஒரு கேள்வி வந்தது: "உன் வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாரா?"

தான் நினைத்தது சரி என்று கமலாசனிக்குப் பட்டது. பிள்ளையிடம் இப்படிக் கேட்கிற ஆள் வேறு எப்படிப்பட்ட ஆளாயிருக்கும். அதற்கு முந்திய மூன்று கேள்விகளைக் கேட்டது தான்தான் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா இல்லை" என்று எழுதினாள்.

"அப்பா?"

"அப்பாவும் இல்லை."

"நான் இருக்கிறனே" என்றார் திருச்செல்வம் மனம் நொந்தவராக.

"சும்மா இருங்கோ, ஆளைப் பிடிக்கப் போறன்" என்றாள் கமலாசனி. குரலைக் கேட்டால் போதும், ஒரு ஹலோ போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வை மேசைக்கென்று தனி எண் ஒன்று இருந்தது. அதை எழுதினாள். "இது என் எண். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எடு, பேசுவோம்." எழுதி முடித்ததும் கம்பியைப் பிடுங்கிவிட்டு இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தாள்.

ஞாயிறு முழுவதும் ஆரணி அதிகம் பேசவில்லை. பின்னேரம் கணினியில் கொஞ்ச நேரம் இருந்தாள், ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பரீட்சைப் பயமாக்கும் என்று கமலாசனி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்கு மேற்பார்வை மேசைக்கு எழும்பிப் போகவேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி விசாரணை அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் ஆண்குரல் வந்தது.

"மிஸ், தமிழ்ல பேசேலுமா? ஒரு நம்பர் யார்ட பேர்ல ஈக்கிதுண்டு பாத்துச் சொல்லேலுமா?"

"சொல்லுங்கோ" என்றாள்.

அவர் எண்ணைச் சொன்னார். நான்காவது இலக்கத்திலேயே கமலாசனியின் பேனை நின்றுவிட்டது. அது மேற்பார்வை மேசை எண்.

இருபத்தேழு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் கேட்காத கேள்வியை அவள் அப்போது கேட்டாள். "இந்த நம்பர் உங்களுக்கு எங்க கிடைச்சது எண்டு சொல்லுவீங்களோ?"

"என்னத்த மிஸ் சொல்ற" என்றார் அந்த மனிதர். குரலில் நித்திரை இல்லாத களைப்பு இருந்தது. "என்ட மகள் கொம்பியூட்டர்ல ஒரு புள்ளயோட செஸ் வெளாடுற. பதினஞ்சு வயசு, பொம்புளப் புள்ளண்டு சென்னா. எனக்கு மனசு கேக்கல்ல. சனிக்கிழம மகள் ஊட்டுல இல்லாத நேரம் அவள்ட பேர்ல நான் குந்திப் பாத்தன். அது புள்ள இல்ல மிஸ், பெரிய ஆள். என்ன மீன் திண்டதுண்டு வெசாரிக்கிது. ஊட்டுல உம்மா இல்ல, வாப்பா இல்லண்டு சும்மா சும்மா சொல்லுது. கடேசில இந்த நம்பரையும் தந்தீக்கி. எடுக்க முந்தி யார்ண்டு பாக்கணுமே."

கமலாசனி கண்களை மூடிக் கேட்டாள். எண்பத்து மூன்றில் பிள்ளையைத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்த தகப்பன்மாரின் குரல் இப்படித்தான் இருந்தது. இது ஒரு தகப்பனின் குரல், வேறு எவருடையதுமல்ல. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பெரிய ஆள் செஸ் எப்பிடி விளையாடினது?" என்று கேட்டாள்.

"அதயேன் கேக்கிறீங்க. ஒரு குதிரய வெளிய எடுக்கிற, திரும்ப உள்ளுக்கு வெக்கிற. முழுக்க அந்த ஒரே வேலதான்."

"நீங்கள் மட்டும் என்ன. காலாட்களை வரிசையாய் அடுக்கினதைத் தவிர வேற ஏதாவது செய்தனீங்களோ?"

அந்தப் பக்கத்திலிருந்து மிகவும் மெதுவாக, "மிஸ், அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வந்தது.

"குதிரையை வெளிய எடுத்து உள்ளுக்கு வைச்சது நான்தான்" என்றாள் கமலாசனி.

முதலில் சிரித்தது அவர்தான். கமலாசனி அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பெண் தன் ஹெட்செற்றைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் பெயர் ஹபீல். கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் ஆணி, பெயின்ற், தண்ணீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருந்தார். காலாட்களை அடுக்கியதன் காரணம் கமலாசனிக்கு அப்போது விளங்கியது, அலுமாரித் தட்டில் சாமான் அடுக்குகிற கை அது. மகள் பெயர் பஸீஹா. "ஊரச் சொல்லக்கூடாது, கேட்டா மாத்தறண்டு சொல்லுண்டு நான்தான் சொல்லிக்குடுத்த" என்றார் ஹபீல். "காலம் அப்படி ஈக்கிதே, மிஸ்." கொழும்பு என்று சொல்லச் சொன்னது தான்தான் என்று கமலாசனியும் ஒப்புக்கொண்டாள். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம் என்பது பேச்சை வைத்தே இருவருக்கும் விளங்கிவிட்டது, இருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. குரலை அவள் முழுதாக நம்பினாள். என்றாலும் அழைப்பு முடிந்ததும் ஹபீலின் கடை கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறதா என்று பதிவேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருந்தது.

வேலை முடிந்து, ஆரணிக்குப் பிடிக்குமே என்று சூடான ரோல்ஸ் நான்கு வாங்கிக்கொண்டு, கட்டுக்கலை ஏற்றத்தை வழமையைவிட விரைவாக ஏறினாள். நல்ல செய்தியோடு போகிற ஆளுக்கு ஏற்றம் தெரியாது. வீட்டில் ஆரணி மேசையில் சதுரங்கப் பலகையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பலகையில் காலாட்கள் எட்டும் நேர் வரிசையில் நின்றன. எதிரே ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் வெளியே நின்றது.

"இது யார் விளையாடின ஆட்டம், அம்மா?" என்று கேட்டாள் ஆரணி.

ஆடிய ஆட்டமெல்லாம், எழுதிய வரிகளோடு, அந்த இணையத்தளத்தில் பதிவாகிக் கிடக்கும் என்பது கமலாசனிக்குத் தெரியாது. ரோல்ஸ் பையோடு கதிரையில் உட்கார்ந்தாள்.

"நேற்று மஞ்சள் பூனை கேட்டாள், இதை விளையாடினது நீயோ எண்டு. நான் இல்லை எண்டன். அப்ப நீயோ எண்டு நான் கேட்டன். அவளும் இல்லை எண்டாள். முதல்ல ரெண்டு பேரும் சிரிச்சம். என்ர அம்மாவும் அவளின்ர வீட்டில ஒராளும் இருந்து விளையாடியிருக்கினம் எண்டு." ஆரணியின் குரல் உடைந்தது. "பிறகு எனக்கு அழுகை வந்தது. அம்மா, நானும் அவளும் ஒண்டரை வருசமாய்க் கதைக்கிறம். இந்த நிமிசம் வரைக்கும் எனக்கு அவளின்ர பேர் தெரியாது. அவளுக்கும் என்ர பேர் தெரியாது. நீங்கள் சொன்ன ஒரு சட்டத்தையும் நான் மீறேல்லை. நேற்றும் மீறேல்லை. நீங்கள் ஒரு மணித்தியாலம் இருந்தீங்கள், நம்பரைக் குடுத்திட்டீங்கள்."

அது நிலையத்து எண் என்று சொல்லக் கமலாசனி வாயெடுத்தாள். அது எவ்வளவு அற்பமான சாட்டு என்று தெரிந்து விழுங்கிக்கொண்டாள்.

"கண்டியில ஆயிரம் பேரின்ர கதையைக் கேட்காமல் விட்டனீங்கள்" என்றாள் ஆரணி. "என்ர ஒண்டை மட்டும் விட ஏலாமல் போச்சோ?"

கடைக்குப் போய் வந்த திருச்செல்வம் வாசலில் நின்று அதைக் கேட்டார். பதுளைக் கதை நினைவுக்கு வந்ததோ என்னவோ, செருப்பைக் கழற்றாமலே திரும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். கமலாசனி அழுதாள். மகளுக்கு முன்னால் அழுவது அவளுக்குப் புதிது. பயம் உண்மை, ஆனால் செய்தது பிழை என்று சொன்னாள். ஊர் பொய்யென்று தெரிந்த அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டிருக்க வேண்டும், உனக்கு மறைத்தது பிழை, உன் பெயரில் எழுதியது அதைவிடப் பெரிய பிழை என்று சொன்னாள். இடி முழக்கத்தையும் சோமலதாவையும் பற்றிச் சொன்னாள். அதைக் கேட்டதும் ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இடியை வைச்சோ கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவளையறியாமல் குரலில் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

"அவளின்ர பேரும் ஊரும் இப்ப எனக்குத் தெரியும்" என்றாள் கமலாசனி. "நான் சொல்லமாட்டன். அது அவள் உனக்குச் சொல்லவேண்டியது. சந்திக்க விருப்பமெண்டால் ரெண்டு வீட்டாரும் சேர்ந்து, சனமிருக்கிற இடத்தில சந்திப்பம். விருப்பமில்லையெண்டால் விடுவம்."

ஆரணி நெடுநேரம் யோசித்தாள். அந்த நேரத்தில் ஒரு ரோல்ஸும் சாப்பிட்டு முடித்தாள். "சரி" என்றாள் கடைசியில். "ஆனால் நாங்கள் கதைக்கேக்க நீங்கள் பாக்கலாம். கேட்கக்கூடாது."

அடுத்த ஞாயிறு பேராதனைப் பூங்காவுக்குப் போனார்கள். வாசலில் பைகளைச் சோதித்தார்கள். சிப்பாய் ஒருவன் ஆரணியின் பெட்டியைத் திறந்து, குதிரையையும் யானையையும் கையிலெடுத்துப் பார்த்து, யார் நன்றாக ஆடுவது என்று சிங்களத்தில் கேட்டான். அம்மா மட்டும் இல்லை என்று ஆரணி பதில் சொன்னாள். திருச்செல்வத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் அதை மட்டும் இரண்டுமுறை பார்த்தார்கள், ஒருமுறை காவலறைக்குள் கொண்டுபோயும் பார்த்தார்கள். முன்னாலேயே சோதனை முடிந்து உள்ளே நின்ற ஒரு தாடிக்கார மனிதர், மனைவியையும் மகளையும் நிற்கச் சொல்லிவிட்டு, திருச்செல்வத்துக்குச் சோதனை முடியும்வரை அந்த வெயிலில் காத்து நின்றார். "குதிரை மிஸ்தானே?" என்று கமலாசனியைப் பார்த்துக் கேட்டார். குரலை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

பெரிய புல்வெளியில் பாய் விரித்தார்கள். ஹபீலின் மனைவி கைரியா ஒரு சாப்பாட்டுக்கடையையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். "ஒங்கட ஊட்டுல எறச்சி திம்பீங்களோ என்னமோண்டு மரக்கறிலயும் ஆக்கினன்" என்றார். பிள்ளைகள் இருவரும் முதலில் வெட்கப்பட்டு ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் பஸீஹா" என்றாள் மஞ்சள் பூனை. "நான் ஆரணி" என்றாள் நீலக்குடை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சொன்ன பெயர்கள். அவ்வளவுதான், இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிரித்து முடிந்ததும் தண்டனை வழங்கினார்கள். சனிக்கிழமை ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து பலகையில் அடுக்கி, கமலாசனியையும் ஹபீலையும் எதிரெதிரே இருத்தி, முடிக்காமல் எழும்பக்கூடாது என்றார்கள். தாங்கள் ஐம்பது அடி தள்ளி, பெரிய மரமொன்றின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். திருச்செல்வத்துக்கும் கைரியாவுக்கும் அன்று கிடைத்த பொழுதுபோக்குப் போல ஒன்று அதற்கு முன் கிடைத்திருக்காது.

ஹபீல் ஒரு காலாளைப் பிடித்தபடி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பஸீஹா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆரணி சொன்னாள், பஸீஹா மரத்தில் சாய்ந்தாள். ஹபீல் பொறுக்கமாட்டாமல் பாயில் இருந்தபடியே நான்கு விரல் அளவு மரத்தடிப் பக்கம் நகர்ந்தார்.

"இருங்கோ" என்றாள் கமலாசனி. "ரெண்டு பக்கமும் ஹலோ சொல்லியாச்சு. இனி எங்களுக்கு அங்க வேலையில்லை."

"என்ன பேசுறாங்களோ தெரியாது மிஸ்" என்றார் ஹபீல். "ஒங்களுக்கு ஏதும் கேக்கிதா?"

காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. அவளுடைய காது இருபத்தேழு வருடம் பழகிய காது, கவனித்தால் பாதியாவது பிடித்துவிடும். கமலாசனியின் கை தன்பாட்டில் எழும்பி, காதருகே இல்லாத ஹெட்செற்றைக் கழற்றிப் பாயில் வைத்தது. பிறகு அவள் குதிரையை எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள்.

"எனக்குக் கேட்கேல்லை" என்றாள்.